ஒரிஜினலும் ஒரு தாமரையும்

தேனியிலிருந்து குமுளி வரை கல்யாண வீடியோவுக்கு மிக்சிங் செய்தவர்களில், சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஜீவன் எங்கள் ‘ஒரிஜினல்’தான். மற்றவர்களெல்லாம் மதுரைக்குப் போய், டீ குடிக்கிற செலவில் திருட்டு சிடி வாங்கி வந்து ராஜாவாக வாழ்ந்தார்கள். இவரைக் கேட்டால், “தாலி கட்டுற படத்துல திருட்டுச் சாமானா? வெளங்குமா அந்தக் குடும்பம்?” என்பார். கம்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. அவர் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

அந்த சாஃப்ட்வேரோடு கட்டைவிரல் அளவில் ஒரு சாவி வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் வேலை நடக்கும். களவு போய்விடுமென்று அதை அரைஞாண் கயிற்றிலேயே கட்டிவைத்திருந்தார். ஒருமுறை ஞாபகமில்லாமல் டீக்கு எழுந்தார். கம்ப்யூட்டரும் கூடவே கிளம்பிவிட்டது.

புது வெர்ஷன் வந்ததும் அப்கிரேடு செய்யக் குதித்தார். “ஓடுறத ஏங்க நோண்டுறீக?” என்றேன். கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் புது வெர்ஷனை ஏற்றினார். புதியதில் நூறு வித்தை இருந்தது. தாமரை மட்டும் இல்லை.

பழையதில் ஒரு தாமரை விரியும். உள்ளேயிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வருவார்கள். அது இல்லாத கல்யாணம் எங்கள் பள்ளத்தாக்கில் செல்லாது.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் வீட்டம்மா, கல்யாணமான இளைய மகளோடு வந்து நின்றார். “மூத்தவ படத்துல தாமரைக்குள்ளருந்து வந்தாக. இவளுக்கு எங்க?”

அந்தப் பெண் அழுதேவிட்டாள். “அக்கா போட்டுக் கழிச்ச பாவாட, அக்கா படிச்ச புத்தகம்னே வளந்தேன். எங் கல்யாணத்துலயாச்சும் எனக்குக் கொறையில்லாம இருக்கக் கூடாதா?”

ஒரிஜினலுக்கு முகம் செத்துப்போனது. “பழசையே திரும்பப் போட்டு விடுங்க” என்றேன்.

“ஏறுன படியில எறங்கச் சொல்றியா?”

மறுநாள் விடியும்போது கண்மாய்க் கரையில் நின்றோம். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். சம்சாரத்தை நம்பிக்கூடக் கொடுக்காத சாவி அது. கேமராவைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, நிஜத் தாமரை விரியும்வரை அசையாமல் நின்றார். மெதுவாக விரிந்ததைப் புது வெர்ஷன் நொடியில் விரிய வைத்தது. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். ஓர் இதழோரம் ஒரு தவளை எட்டிப் பார்த்தது.

“அக்காவுது பொம்மை. என்னுது நெசம்!” என்று அந்தப் பெண் குதித்தாள். அப்கிரேடு ஜெயித்துவிட்டது என்று ஒரிஜினல் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே மூத்தவள் வந்துவிட்டாள். “எனக்கு மட்டும் பொம்மைப் பூவா? எனக்கும் நெசம் வேணும். தவளையோட!”

“அந்தத் தவளையவே இதுலயும் ஒட்டிவிடுங்க, யாருக்குத் தெரியும்?” என்றேன்.

“ஒருத்தி தவளைய எடுத்து இன்னொருத்திக்கு ஒட்டுனா அதுக்குப் பேரு என்னப்பா?” என்று முறைத்துவிட்டு, கண்மாய்க்குப் போனார். தாமரை தினமும் விரிந்தது. தவளைக்குத்தான் மனசு வரவில்லை. அது வந்து தலை காட்டியபோது இவருக்குக் கடும் சளி.

பக்கத்துக் கடையிலிருந்து வந்த தும்மலில் என் ஜெராக்ஸ் தாள்களே பறந்தன. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பயந்துபோய், “யாருங்க அங்கன?” என்றார்.

“எங்கூடப் பொறந்தவருங்க” என்றேன். பொய்தான். ஆனால் அதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.