பொன்ராஜின் ஐஸ் ஹாக்கி பூட்ஸுக்கு அளவெடுத்தவர்கள்

தியாகராய நகர், மெட்ராஸ்-17
18-11-1974

அளவெடுத்தது யார் என்றுதானே கேட்டீர்கள்? அதுவும் கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டு. சொல்கிறேன் அத்தான், ஒருத்தர் விடாமல் சொல்கிறேன். ஆனால் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மாப்பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தை எடுத்த எடுப்பிலேயே சண்டையில் ஆரம்பிக்காதே என்கிறாள். அதனால் முதலில் மரியாதையை முடித்துவிடுகிறேன்.

மதிப்பும் அன்பும் வழிந்தோடும் கனகராஜ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஜவஹர் கை கட்டி வாய் பொத்தி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நம் பாத்திரக் கடை, கடை வாசலை விட்டு நகராத அந்தக் கோயில் மாடு எல்லோரும் சௌக்கியம். அங்கே வின்னிபெக்கில் தாங்களும் சுந்தரவல்லி அக்காவும் பிள்ளை பொன்ராஜும் உறைந்துபோகாமல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். மரியாதை முடிந்தது. அம்மாவும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உங்கள் கடிதம் வந்தது ஏப்ரலில். பதில் எழுத இவ்வளவு நாள் ஏன் என்றால், வாயால் பதில் சொல்லி உங்களிடம் ஜெயிக்க முடியாது, பூட்ஸாலேதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். முதல் ஜோடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த அழகான வரிகள் எனக்கு மனப்பாடம். "பிள்ளை மூணு காலுறை போட்டும் உள்ளே கால் நீந்துகிறது. பூட்ஸ் வாங்கச் சொன்னால் தோணி வாங்கி அனுப்பியிருக்கிறாய். இந்த அழகில் உனக்குக் கனடா ஒரு கேடா?" கடைசிக் கேள்விதான் சுட்டது. நானா கனடாவைக் கேட்டேன்? காலேஜை நான் விட்டேன், கடையில் உட்கார்ந்து தூக்குவாளிக்குப் பேர் வெட்ட என்னால் முடியாது என்றேன், நீங்கள்தான் பெருந்தன்மையாக, "ஒரே ஒரு வேலையை உருப்படியாக முடித்துக் காட்டு, உன்னை இங்கே கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் போடுகிறேன்" என்று எழுதினீர்கள். அந்த ஒரே ஒரு வேலை இந்த பூட்ஸ். உலகத்தில் வேறு வேலையே இல்லை போல.

வேலையும் லேசான வேலையா? பொன்ராஜுக்குக் கால் முன்பக்கம் விசிறி, பின்பக்கம் குருவி. கடையில் வாங்கினால் முன்னால் சரியாக இருந்தால் குதிகால் கழன்று வருகிறது, குதிகால் நின்றால் விரல் நசுங்குகிறது. அங்கே அளவு கொடுத்துத் தைத்தால் யானை விலை, அதனால் மெட்ராஸில் தைத்து அனுப்பு, ஐஸில் சறுக்க அடியில் வைக்கிற இரும்புக் கத்தியை மட்டும் இங்கே அடித்துக்கொள்கிறேன் என்றீர்கள். ஒரு காகிதத்தில் காலை வரைந்து, கூடவே நாலு பக்கத்துக்கு உபதேசம். சாதாரண ஷூ மாதிரி இருக்கக் கூடாது, இறுக்கமாக இருக்க வேண்டும். மெல்லிய காலுறை ஒன்றுதான். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முனையில் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய்ப் பதிந்து விரல் விலகிக்கொள்ள வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் பென்சில் நுழைந்தால் அந்த பூட்ஸ் குப்பை. எல்லாம் படித்தேன். படித்தது நான் ஒருத்தன்தான் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் உங்கள் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பிய முதல் படத்தை வரைந்தது சுந்தரவல்லி அக்கா. குளிருக்குப் போட்ட கம்பளிக் காலுறையைக் கழற்றாமலேயே பிள்ளையை நிறுத்தி, தச்சன் பென்சில் மாதிரி ஒன்றைச் சாய்த்துப் பிடித்து வரைந்திருக்கிறாள். கோட்டின் மேலே கம்பளி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, காகிதம் ஏரோப்ளேன் ஏறும்போதே பொன்ராஜுக்கு அரை விரற்கடை கால் வளர்ந்தாகிவிட்டது.

இங்கே வந்ததும் அம்மா கையில் அது சிக்கியது. படத்தைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து தடவித் தடவிப் பார்த்தாள். நான் கடைக்குப் போய் வருவதற்குள், அக்கா போட்ட கோட்டுக்கு வெளியே சாக்பீஸால் இன்னொரு கோடு. என்னம்மா இது என்றால், "வளர்ற பிள்ளை. ஒரு விரக்கடையாவது விட்டுத் தைக்க வேண்டாமா? கால் கடிச்சா யார்கிட்ட சொல்லுவான்?" உங்கள் உபதேசத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். இறுக்கமாக இருக்க வேண்டுமாம் என்றதும், உங்களைப் பெற்றவர்கள் உங்களுக்குச் சின்ன வயதில் நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று பரிதாபப்பட்டாள்.

அடுத்தது உங்கள் மாமனார். சாக்பீஸ் அழிந்துவிடும் என்று, கடையில் பாத்திரம் சுற்றுகிற காகிதத்தில் புதிதாக ஒரு படமே போட்டார். அம்மா போட்ட கோட்டை வைத்து அல்ல, அதற்கும் வெளியே. நான் சொன்னேன், இது விளையாட்டு பூட்ஸ், லூசாக இருந்தால் பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொள்வான் என்று. அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏல, இம்புட்டு காசு போட்டுத் தைக்கிறது ஒரு வருசத்துக்கா? எட்டாங்கிளாஸ்ல தச்ச நிக்கரை நீ பத்தாங்கிளாஸ் வரைக்கும் போடலையா? விழுந்தியா?" விழவில்லைதான். எட்டாங்கிளாஸில் அந்த நிக்கருக்குள் நானும் பக்கத்து பெஞ்சுப் பையனும் சேர்ந்து நின்றிருக்கலாம். இந்த வீட்டில் எனக்கு அளவாக ஒரு சட்டை இருந்தது கிடையாது அத்தான். புதுசாக இருக்கும்போது பெரிசு, அளவாகும்போது கிழிசல்.

அந்தக் காகிதத்தோடு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். ஷரீஃப் பாய் என்று ஒருத்தர், ரேஸ் குதிரை ஓட்டுகிறவர்களுக்கு பூட்ஸ் தைத்தவர், அதைக் கடைக்குள் கால் வைத்ததும் சொல்லிவிடுவார், வெளியே வரும்போது மறுபடி சொல்வார். ஐஸ் மேலே ஓடுகிற பூட்ஸ் என்றதும் அவருக்கு ஒரு விஞ்ஞானம் வந்துவிட்டது. "இன்னா நைனா, ஐஸுல பட்டா தோலு சுருங்கிக்கும்னு தெரியாதா? அரை விரலு வுட்டுதான் வெட்டணும். குதிரைக்காரனுக்கே தச்சவன்கிட்ட வந்து அளவு பேசறியே." அரை விரல் விட்டார். விட்டுவிட்டு, படம் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறதே என்று முன்னால் இன்னும் கொஞ்சம் விட்டார். இப்படித்தான் அத்தான், ஒரு சின்னப் பையன் கால், நாலு பேர் அன்பில் தோணியானது. நான் தைக்கக் கொடுத்தேன், வாங்கினேன், அனுப்பினேன். ஒரு நூல் நான் கூட்டவில்லை. எல்லோரும் கூட்டினார்கள், திட்டு மட்டும் எனக்கு.

உங்கள் ஏப்ரல் கடிதத்தோடு புதுப் படம் வந்ததே, மெல்லிய காலுறையோடு, கூர் பென்சிலால் நீங்களே வரைந்தது, அதை நான் யார் கண்ணிலும் காட்டவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். அப்பா, காதல் கடிதம் என்று நினைத்து இரண்டு நாள் என்னை உறுத்துப் பார்த்தார். இந்தத் தடவை காகிதத்தை மட்டும் நம்பித் தைப்பதில்லை, உயிருள்ள கால் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் அனுப்புவது என்று முடிவு பண்ணினேன். அந்தக் காலுக்கு எங்கே போவது? தெருவில் போகிறவர்கள் காலையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்ததில் பனகல் பார்க் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் கால் வீட்டிலேயே இருந்தது. அம்மா குளித்துவிட்டு வந்த ஈரத் தடம், முன்னால் விசிறி, பின்னால் குருவி. படத்தை எடுத்து மேலே வைத்தேன். அச்சு அசல். அம்மா அதை அக்காவுக்குக் கொடுத்து, அக்கா பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். உங்கள் பக்கத்திலிருந்து பிள்ளைக்கு வந்தது கோபம் ஒன்றுதான் போல.

ஷரீஃப் பாய் இந்தத் தடவையும் சுருக்க விஞ்ஞானத்தை எடுத்தார். அதையும் முடித்துவிடலாம் என்று, சோடாக் கடைக்கு ஐஸ் போடுகிறவனிடம் ஒரு பாளம் வாங்கி, மரத்தூள் போட்டு கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். செப்டம்பர் வெயில். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் என் பேண்ட் பின்பக்கம் முழுக்க நனைந்து சொட்டுகிறது, பஸ்ஸில் போகிறவர்கள் வேறு காரணம் நினைத்துச் சிரிக்கிறார்கள். கச்சேரி ரோட்டில் அவிழ்த்தபோது பாளம் துவைக்கிற சோப்பு அளவுக்கு வந்திருந்தது. பரவாயில்லை என்று, ஒரு தோல் துண்டை அளந்து அதன்மேல் வைத்து, ஐஸ் கரைகிறவரை காத்திருந்து மறுபடி அளந்தேன். ஒரு மயிரிழைகூடச் சுருங்கவில்லை. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மெட்ராஸ் ஐஸு நைனா. கனடா ஐஸு வேற" என்றார். இதற்கு நீங்களே பதில் எழுதிப் போடுங்கள், எனக்குத் தெம்பில்லை.

ஆனாலும் நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கத்தரி கோட்டை விட்டு விலகும்போதெல்லாம் இருமி, ஒருவழியாகப் படத்தில் உள்ளபடியே வெட்ட வைத்தேன். பூட்ஸ் முடிகிற அன்றைக்கு அம்மாவை பஸ்ஸில் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை சொன்ன முறைப்படி போட்டுப் பார்க்க வேண்டும் என்றதும், செருப்பையே கோயில் வாசலில் விட்டால் மறந்துவிட்டு வருகிற அம்மா, கணுக்காலுக்கு மேலே லேஸ் கட்டுகிற கறுப்பு பூட்ஸைப் போட்டுக்கொண்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கடை நடுவில் நின்றாள். பாய் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார். பெருவிரல் உரசுகிறதா என்றேன். உரசுதுடா என்றாள். முழங்காலை மடக்கு என்றேன். மடக்கினாள். குதிகால் பசை போட்ட மாதிரி உட்கார்ந்தது, பென்சிலை வைத்தேன், நுழையவில்லை. கடிக்கிறதா என்று கேட்டேன். அவள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கடைசியா பாக்கும்போது அவன் ரெண்டு காலும் என் ஒரு உள்ளங்கையில நின்னுச்சு. இப்ப என் கால் அளவாடா?"

ஷரீஃப் பாய் திடீரென்று கத்தரியைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார். கத்தரி அவர் கையிலேயே இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, சரி, ஒண்ணும் கூட்ட வேண்டாம், இப்படியே அனுப்பிடு என்றாள். அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததற்கே நீங்கள் எனக்குப் பேப்பர் போட வேண்டும்.

அப்புறம் பாய் குதிகால் தையலை இரட்டைத் தையலாகப் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு, அவர் மச்சான் வீட்டுக் கல்யாணம், மழை, ஊசி உடைந்தது என்று முந்தாநாள்தான் கொடுத்தார். அதனால் ஒன்றும் குடி முழுகவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் டீமுக்கு ஆள் எடுக்கும்போது பூட்ஸ் பிள்ளை காலில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், இருக்கும். அடையாறில் ரகுபதி சார் என்று நம் கடை வாடிக்கைக்காரர், நாளைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் போகிறார், அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். பார்சல் கட்டியாகிவிட்டது. இந்தக் கடிதமும் அதற்குள்ளேதான். பிரித்து, பிள்ளை காலில் போட்டு, பென்சிலை வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அளவெடுத்தவர்கள் யார் யார் என்று மேலே வரிசையாக இருக்கிறது, அதில் என் பெயர் இல்லை என்பதைத் தயவுசெய்து இரண்டு கோடு போட்டுப் படிக்கவும்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைக்கு அம்மாவின் முத்தங்கள், தங்களுக்கு எங்கள் எல்லோருடைய பயமும் பக்தியும். ஆறு மணிக்கு மேல் போனால் ரகுபதி சார் கதவைத் திறக்க மாட்டாராம், மழை வேறு பிடித்துக்கொண்டது, நான் இப்போதே போக வேண்டும்.

ஜவஹர்

பின்குறிப்பு: வாசலில் சைக்கிளை எடுக்கும்போது தபால்காரர் அக்காவின் நீல ஏர்மெயில் கடிதத்தை நீட்டினார். படித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து, பார்சலைப் பிரித்து, இதை எழுதுகிறேன். பொன்ராஜ் கோடையில் கிடுகிடுவென்று வளர்ந்து பேண்டெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாமே. அலமாரியில் போட்டு வைத்திருந்த அந்தத் தோணியை விளையாட்டாக எடுத்து, மெல்லிய காலுறை ஒன்றோடு போட்டானாமே. நின்றால் விரல் உரசுகிறதாம், மடக்கினால் குதிகால் அசையவில்லையாம், பென்சில் நுழையவில்லையாம். கத்தியும் அடித்து, இந்த வருஷம் முன்கூட்டியே ஆள் எடுத்ததில் டீமிலும் சேர்ந்துவிட்டானாம். கோச் பூட்ஸை அமுக்கிப் பார்த்து, இவ்வளவு கச்சிதமாக யார் அளவெடுத்தது என்று கேட்டாராம். நீங்கள் மட்டும் ஓரத்தில் "அன்புடன் அத்தான்" என்று எழுதிவிட்டு வாயைத் திறக்கவில்லை.

ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். அளவெடுத்தது நான்தான். அக்கா, அம்மா, அப்பா, பாய் நாலு பேரும் என் மேற்பார்வையில் கூட்டினார்கள். இந்தப் புது ஜோடியை அனுப்பவில்லை, இனி அது பிள்ளைக்குக் கட்டை விரல்கூடப் போகாது. மழைக்குக் கொல்லைப்பக்கம் போக வசதியாக இருக்கிறது என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

கடிதத்தை மட்டும் ரகுபதி சாரிடம் கொடுக்கிறேன், பேப்பரைச் சீக்கிரம் போடுங்கள். அங்கே எனக்கு ஒரு குளிர் கோட்டு வேண்டியிருக்கும். அக்காவிடம் சொல்லி என் அளவிலேயே வாங்கி வையுங்கள், நான் இனிமேல் வளர மாட்டேன். அம்மா பூட்ஸோடு பின்னால் வந்து நிற்கிறாள், ஒரு சைஸ் பெரிசாகவே வாங்கச் சொல்லி எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.