ஹாஸ்டல் அறைக்கு நல்ல நேரம்

ஊரை விட்டு வருகிறவன் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வருவான், தினமும் கிழிக்கிற காலண்டரை மட்டும் விடமாட்டான். ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒன்று தொங்குகிறது. வருஷா வருஷம் கும்பகோணத்திலிருந்து மச்சான் அனுப்பிவைப்பார். அதைப் பார்க்காமல் நான் கார் டயருக்குக் காற்றுகூட அடிப்பதில்லை. முருகன் துணை இருக்கிறான்தான்; நேரத்தையும் நாமே பார்த்துக்கொண்டால் அவனுக்கு வேலை குறையுமே என்று ஒரு நல்லெண்ணம்.

என் மகள் காவ்யாவுக்கு டாக்டராக வேண்டும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் முடித்ததும் நேரே டாக்டர் படிப்பில் போய் உட்கார முடியாது. முதலில் ஒரு வருஷம் பல்கலைக்கழகத்தில் முட்டி மோதி மார்க் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஒரு வருஷத்தை எங்கே படிப்பது? நான் ஆக்லாந்து என்றேன். வீட்டுச் சாப்பாடு, ரயிலில் போய் வரலாம். அவள் தெற்கே, குளிர் எலும்பைக் கடிக்கிற டனீடின் என்றாள். என் மனைவி செல்வி மகள் பக்கம். (செல்வி நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த பத்தாம் கிளாஸ் நான். அதனால் படிப்பு விஷயத்தில் எனக்குக் குரல் மட்டும்தான் பெரிது.)

கடைசியில் காவ்யாவின் கண்ணீரைப் பார்த்து இறங்கி வந்தேன். டனீடினில் வகுப்புக்கு எதிரிலேயே இருக்கும் ஹாஸ்டலில் அவளுக்கு இடம் தருவதாக மெயில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் சம்மதம் என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

"இப்பவே அமுக்கிடறேன்ப்பா" என்றாள் காவ்யா. அன்று புதன், அஷ்டமி. மறுநாள் நவமி. விடுவேனா? வெள்ளி தசமி, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை நல்ல நேரம் என்று காலண்டர் சொன்னது. வேலைக்கு லீவு போட்டேன்.

வெள்ளிக்கிழமை லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தோம். ஏர்போர்ட் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிவபாலனைக் கேசரி சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். மனுஷன் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணை, இது ஊர்க் காலண்டரெல்லோ? இஞ்ச போன மாசம்தானே கோடைக்காலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். அது சூரியனுக்குத் தெரியுமே? உங்கட ஒன்பதரை உண்மையா எட்டரை. வெள்ளி எட்டரை குளிகை."

குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும். என் மகள் தலை நரைத்தும் முதல் வருஷத்தையே படித்துக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"கைய எடும்மா!" என்று அலறிவிட்டு மச்சானுக்குப் போன் போட்டேன். அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது.

"ஐயோ, யாருக்கு என்னாச்சு மாப்ள?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் பாதி நேரம் போயிற்று. விஷயத்தைக் கேட்டவர், "உங்க ஊரு சூரியன் கணக்கு எனக்கு என்னங்க தெரியும்? ராகு காலத்துல மட்டும் கைய வெச்சுராதீங்க" என்று வைத்துவிட்டார். மணியைப் பார்த்தால் பத்தரை தாண்டியிருந்தது. காலண்டர்ப்படி பன்னிரண்டு வரை ராகு காலம்.

"அண்ணை, சூரியன்ர கணக்கில இப்பதான் நல்ல நேரம். ராகு பதினொன்றரைக்குத்தான் வருவார். டக்கெண்டு அமத்துங்கோ" என்றார் சிவபாலன்.

"அச்சடிச்சிருக்கான் பாலன்! அச்சடிச்சவன் முட்டாளா?"

"அச்சடிச்சவன் கும்பகோணத்தில இருக்கிறான் அண்ணை!"

செல்வி கரண்டியோடு வந்தாள். "ஏங்க, முருகன் முன்னாடிதான உக்காந்திருக்கோம்? அவர விட ராகு பெரிய ஆளா?"

நான் லேப்டாப்பை மூடி, மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, ப்ளீஸ். எனக்கு அந்த ரூம் வேணும்." வழக்கமாக இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண் தமிழில் கெஞ்சினாள்.

"பன்னிரண்டு அடிக்கட்டும் கண்ணு."

பன்னிரண்டு அடித்தது. "அமுக்கு!" என்றேன். அமுக்கினாள். நேரம் முடிந்துவிட்டது, நன்றி என்று திரையில் வந்தது. ராகு விலகுகிற நொடியும் அவர்கள் கதவைச் சாத்துகிற நொடியும் ஒன்றுதான் என்பது காலை முழுவதும் இந்த மண்டையில் ஏறவில்லை.

காவ்யா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பதறிப்போய் நானே ஹாஸ்டல் ஆபீசுக்குப் போன் செய்தேன். போன் எடுத்த அம்மாள் நல்ல மாதிரி. ஏன் தாமதம் என்று கேட்டாள்.

"ராகு வாஸ் தேர், மேடம். ராகு நாட் அலோ" என்றேன்.

அவள், மிஸ்டர் ராகு அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"நோ உறவு, மேடம். வெரி டேஞ்சரஸ். எவ்ரி டே கமிங்."

அவள் குரல் மாறியது. போனை மகளிடம் தரச் சொன்னாள். காவ்யா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முருகனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள், "வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருக்காங்க" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, வீட்ல எனக்குப் பாதுகாப்பு இருக்கான்னு கேட்டாங்க" என்றாள். சிவபாலன் சிரிக்க ஆரம்பித்தவர் நெடுநேரம் நிறுத்தவில்லை.

அந்த ஹாஸ்டல் போயே போய்விட்டது. கிடைத்தது மலை உச்சியில் ஒன்று. ஒரு வருஷம் முழுக்க மழையிலும் காற்றிலும் ஏறி இறங்கி, என்னைத் திட்டிக்கொண்டே படித்து, முருகன் அருளால் டாக்டர் படிப்பில் சேர்ந்தாள். சிவபாலன் இன்றைக்கும் கிடங்கில் என்னிடம் லீவு நாளை மாற்றிக் கேட்கும்போது, "மிஸ்டர் ராகு ஓம் எண்டு சொல்லிட்டாரோ?" என்பார். செல்வி குக்கர் வைக்கும்போதுகூட அதையே கேட்கிறாள்.

போன மாதம் காவ்யா சிநேகிதிகளோடு ஒரு வீடு வாடகைக்கு எடுத்தாள். எங்களிடம் நேரம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மெசேஜ் வந்தது: "வீடு கிடைச்சாச்சு. வெயில் வருது, ஹீட்டர் இருக்கு, காலேஜ் பக்கம். மிஸ்டர் ராகுகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா."

முருகா, பிள்ளை நன்றாயிருந்தால் போதும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை.

(திரும்பினேன். மெசேஜ் வந்த நேரம் நட்ட நடு ராகு காலம். ஊர்க் கணக்கிலும், சிவபாலன் கணக்கிலும்.)