பை தராத ஸ்டாலும் காலை நடையாளர் சங்கமும்

மார்ச் 14, வியாழக்கிழமை, மாலை 6.40 மணி. பதிவான வாக்குகள் 412. அவற்றில் உங்கள் காலை நடையாளர் சங்கத்துக்கு விழுந்தவை 187.

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலமாக இல்லை. நீங்கள் நலம் என்பதை இன்று மதியம் கண்ணாரப் பார்த்துவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை. சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

கண்காட்சிக்கு நுழைவுச் சீட்டு கேட்டீர்கள், வாங்கிக் கொடுத்தேன். அதில் "தொழில்நுட்ப ஆலோசகர்" என்று போடச் சொன்னீர்கள், போட்டேன். கூட நடக்கிற நண்பர்கள் இரண்டு பேர் என்றீர்கள், அவர்களையும் ஆலோசகர்கள் ஆக்கினேன். இந்த வருடம் எங்கள் ஸ்டாலில் பை கிடையாது, பேனா கிடையாது, குடை கிடையாது, அதற்கு ஆகிற செலவு அப்படியே நன்கொடையாகப் போகிறது என்று போனில் இரண்டு தடவை சொன்னேன். நீங்களும் "சரி சரி" என்றீர்கள். "நீ சொல்றதைச் சொல்லு, எப்படியும் உள்ள ஒரு அட்டைப்பெட்டி ஒளிச்சு வச்சிருப்பீங்க" என்பதுதான் அந்தச் "சரி"க்கு அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. பம்பின் மேல் ஒட்டினால் அதன் அதிர்வைக் கவனித்து, பேரிங் தேய்ந்து போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். முதலாளி போன மாதம் கூப்பிட்டு, "இந்தக் கண்காட்சியில பெரிய இடம் ஒண்ணாவது சோதனைக்கு ஒத்துக்கணும். இல்லன்னா இதை மூடிட்டு நீ பழையபடி புகார் பிரிவுக்கே போயிடு" என்று சொல்லிவிட்டார். புகார் பிரிவு என்றால் நாள் முழுக்கக் காதில் போனை வைத்துக்கொண்டு, "பிளக்கைச் சொருகினீங்களா சார்?" என்று கேட்பது. அதற்கா நான் பட்டம் வாங்கினேன்? பெரிய இடம் என்று என் கைக்கு எட்டியது ஒன்றே ஒன்று. குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் அம்மையார் மூன்று மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இதையும் உங்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கும் "சரி சரி"தான்.

நன்கொடை யோசனை எங்கள் விளம்பரப் பிரிவு அதிகாரியுடையது. அவரை அலுவலகத்தில் எல்லோரும் கருணை என்றுதான் சொல்வோம், முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கொடுக்கிற சாமான் பாதி குப்பைக்குத்தான் போகிறது, அதற்குப் பதில் நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம் என்றார். நியாயமான பேச்சு, நானும் கை தூக்கினேன். வருகிறவர்கள் தொடுதிரையில் பார்வையற்றோர் பள்ளி, சிறுவர் நூலகம், தெருநாய்க் காப்பகம் என்ற மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும், அதற்கு ஒரு பங்கு போகும், யாருக்கு எவ்வளவு என்பது பின்சுவரில் பெரிய திரையில் ஓடும். நிரல் எழுதியது நான். எழுதியவன் மூன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியல் என்று ஒன்று போட்டால் கடைசியில் "மற்றவை" என்று ஒரு கட்டம் வைக்காமல் என் கை ஓயாது. வைத்தேன். பக்கத்தில் தட்டச்சு செய்ய ஓர் இடமும் விட்டேன். கருணை பார்த்துவிட்டு, "ரொம்ப ஜனநாயகமா இருக்கு தம்பி" என்று முதுகில் தட்டினார்.

பதினொன்றரைக்கு நீங்கள் வந்தீர்கள். எங்கள் போட்டிக் கம்பெனி போன வருடம் இலவசமாகக் கொடுத்த சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

"பை எங்கடா?"

"பை இல்ல சித்தப்பா. இதுல ஒரு கட்டத்தைத் தொடுங்க, உங்க பேர்ல நன்கொடை போகும்."

"என் பேர்ல போறது சரி. என் கைக்கு என்ன வருது?"

"மனநிறைவு சார்," என்றார் கருணை.

"அதை எதுல போட்டு எடுத்துட்டுப் போறது?"

வரிசையில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். அங்கேயே பிடித்துக்கொண்டது சனி. கொடுக்கிற சாமான் குப்பைக்குப் போகிறது என்று கருணை ஆரம்பித்ததும், "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க சார், என் எக்ஸ்ரே உங்க கம்பெனிப் பையில இருக்கு, வெங்காயம் உங்க கம்பெனிப் பையில இருக்கு, வீட்டுப் பத்திரமே உங்க கம்பெனிப் பையிலதான் இருக்கு" என்று சொற்பொழிவு ஆற்றினீர்கள். பிறகு அந்த நாலாவது கட்டம் உங்கள் கண்ணில் பட்டது. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் "காலை நடையாளர் சங்கம்" என்று அடித்தீர்கள். அடுத்த நொடியே அது சுவரில் ஓடியது. உங்கள் நண்பர்கள் கைதட்டினார்கள். பூங்காவில் உட்கார பெஞ்சு இல்லை, வயதானவர்கள் நின்றுகொண்டே மூச்சு வாங்குகிறோம் என்று வரிசை நெடுக வாக்குக் கேட்டுப் போனீர்கள்.

சொல்லிக்கொடுத்துவிட்டுச் சும்மாவாவது இருந்தீர்களா? "உங்களுக்கும் சங்கம் கிங்கம் இருந்தா எழுதுங்க, இடம் விட்டிருக்கான் எங்க பையன்" என்று ஊருக்கே அறிவித்தீர்கள். ஒரு மணிக்குள் சுவரில் அடுக்ககப் பராமரிப்பு நிதி வந்தது, யாரோ ஒருவருடைய மூத்த மகளின் நாட்டிய வகுப்பு வந்தது, எதிர் ஸ்டால்காரர்களின் மதியச் சாப்பாடு வந்தது. பெட்டியோடு வந்த ஒரு கனவான் நிதானமாக யோசித்து "நான்" என்று அடித்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்த யோசனை பிடித்துப்போய், "நான்" 61 வாக்குகளோடு இரண்டாம் இடத்தில் இருக்கிறது. தெருநாய்களுக்கு ஒன்பது.

கட்டத்தை எடுத்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். கருணை கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்தைப் பாருங்க தம்பி. பக்கத்து ஸ்டால்ல பை குடுத்தும் ஈ ஓட்டுறான்." கூட்டம் உண்மைதான். ஒருவராவது கருவியைத் திரும்பிப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஓட்டிக்காட்டுவதற்காக வைத்திருந்த பம்பின் மேல் உங்கள் பருத்த நண்பர் உட்கார்ந்திருந்தார். "இறங்குங்க சார், ஓடிட்டு இருக்கு" என்றேன். "இருக்கட்டும்பா, முதுகுக்கு இதமா இருக்கு" என்றார். கருவி சிவப்பு விளக்கைப் போட்டு "உடனே நிறுத்தவும்" என்று கதறிக்கொண்டிருந்தது. அங்கே எனக்கு ஆறுதல் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் அம்மையார் வந்தார். நான் வரிசையைத் தாண்டிப் போவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

"அம்மா, நாலாவது கட்டம். மறந்துடாதீங்க."

"நீங்க இந்தக் கம்பெனியா?" அவர் உங்கள் சட்டையைத்தான் பார்த்தார்.

"ஆலோசகர்," என்று சீட்டைத் தூக்கிக் காட்டினீர்கள்.

அவரைத் தேநீர் விற்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். இங்கே "நான்" கனவான், தனக்கு நன்கொடை ரசீது எந்த முகவரிக்கு வரும் என்று கேட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கழற்றிவிட்டு ஓடிவந்தால் அம்மையார் இல்லை, நீங்கள் மட்டும் கோப்பையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன சித்தப்பா பேசினீங்க?"

"சும்மா, நம்ம அடுக்ககத்து மோட்டார் கதைதான். நல்ல மனுஷிடா. இங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டும் போட்டுட்டாங்க."

மோட்டார் கதை. போன வருடம் என் கருவியை அந்த மோட்டாரில் ஒட்டினேன். அது சிவப்பு காட்டியது. விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று நீங்களும் காவலாளியும் சேர்ந்து அதன் மேல் பழைய துண்டைப் போட்டு மூடினீர்கள். மூன்றாம் நாள் மோட்டார் புகைந்தது, கட்டடம் முழுக்கக் குடத்தோடு தெருவில் நின்றது. உலகத்தில் எத்தனையோ பேச்சு இருக்க, அந்த அம்மாளிடம் போய் இதையா சொல்ல வேண்டும்? இரண்டு வருட வேலையை ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் கரைத்துவிட்டீர்கள். திங்கட்கிழமை முதல் நான் புகார் பிரிவில் இருப்பேன். உங்கள் வீட்டில் எது கெட்டாலும் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். நாளைக்கும் மறுநாளைக்கும் உங்கள் மூவரின் சீட்டையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டேன்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இனிமேல் அதைத் தூரத்தில் இருந்தே தாருங்கள்.

இப்படிக்கு,
மனம் வெந்துபோன உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: மணி 7.25. மேலே உள்ளதைத் தள்ளிவிட்டு இதைப் படிக்கவும். அம்மையாரிடம் இருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. "இன்று பதினெட்டு ஸ்டால் பார்த்தேன். எல்லாரும் தங்கள் கருவி தவறே செய்யாது என்றார்கள். மனிதர்கள் அதன் மேல் துண்டு போட்டு மூடுவார்கள் என்று சொன்னது உங்கள் ஆலோசகர் மட்டும்தான். எங்கள் பம்ப் நிலையங்களிலும் அதைத்தான் செய்வார்கள். மூடினாலும் கேட்கிற மாதிரி ஒலி வையுங்கள். பன்னிரண்டு பம்புகளில் சோதிக்கலாம். நாளை பத்து மணிக்கு வந்து கருவிகளை வாங்கிக்கொள்கிறேன். ஆலோசகரும் இருக்கட்டும்." ஆகவே நான் செய்யப்போவது:

1. இன்று ராத்திரியே பன்னிரண்டு கருவியிலும் ஒலிப்பான் வைப்பேன். துண்டு என்ன, மெத்தையைப் போட்டு மூடினாலும் கத்தும்.

2. ரத்து செய்த சீட்டில் உங்களுடையதை மட்டும் திரும்ப வாங்குவேன். பம்பில் உட்கார்ந்தவருக்குக் கிடையாது.

3. என் சொந்தச் சட்டை ஒன்றைத் தேய்த்துக் கொண்டுவருவேன். நீங்கள் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

4. நன்கொடை முழுவதும் அந்த மூன்று இடங்களுக்கே என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். "மற்றவை" செல்லாது, "நான்" உட்பட. பெஞ்சை என் முதல் ஊக்கத்தொகையில் நானே வாங்கிப் போடுகிறேன். அதுவரை அம்மையார் எதிரில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

5. காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன். பன்னிரண்டு கருவியை அம்மையாரிடம் கொடுத்தனுப்ப எங்கள் கம்பெனியில் ஒரு பைகூட இல்லை. வெங்காயத்தைக் கொட்டிவிட்டு நல்லதாக இரண்டு எடுத்து வையுங்கள்.