மையவிலக்கு அத்தான்

விளக்கப்பிரியர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்விசிறி ஓடினால் ஏன் ஓடுகிறது என்று சொல்வார். நின்றால், ஏன் நின்றது என்பதை இன்னும் விரிவாகச் சொல்வார். சரிசெய்ய மட்டும் வேறொருவர் வரவேண்டும்.

அத்தான் அந்த இனத்தில் அப்பழுக்கற்ற ஒரு மாதிரி. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மச்சினி வீட்டுப் பின்னறையில், கைப்பிடியைச் சுற்றிப் பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

அன்று பேக்கரிக்காரர் வந்து நின்றார். பத்து மணிக்குள் ஒரு கல்யாண கேக்கை முடித்தாகவேண்டும். மச்சினி இயந்திரத்தின் குழாயடியில் க்ரீம் நிரம்பியிருந்த தூக்குவாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னொன்னைக் கழுவி எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் மெஷினைத் தொடாதீங்க அத்தான்."

அத்தான் தொடவில்லை. முழுசாக ஒரு நிமிடம் தொடவில்லை. ஆனால் கேட்க ஓர் ஆள், சுற்ற ஒரு கைப்பிடி, தொட்டியில் வெதுவெதுப்பாகப் பால் என்று எல்லாம் கூடிவந்தால் மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?

"பாலைச் சும்மா வெச்சா ஏடு மேல வர அரை நாள் ஆகும். இப்ப சுத்துறேன், பாருங்க. கனமான பால் வெளிப்பக்கமா ஒதுங்கும். கொழுப்பு லேசு, நடுவுலயே தங்கிடும். எல்லாம் மையவிலக்கு விசை!"

"ஐயா, அந்தக் குழாய்க்குக் கீழ..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

வேகம் கூடினால் என்ன, பால் ஆறிப்போனால் என்ன, கொழுப்புத் துளி பெரிதானால் என்ன என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, பேக்கரிக்காரர் பள்ளிப்பிள்ளைபோல இரண்டு முறை கையைத் தூக்கினார். இரண்டு முறையும் அடக்கப்பட்டார். பாடத்தில் ஒரு பிழையும் இல்லை. க்ரீம் வெகு சுத்தமாகப் பிரிந்து, கெட்டியாக, பளபளவென்று, தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், கால்!" கதவருகே மச்சினி, கையில் கழுவிய தூக்குவாளியோடு.

அவர் குனிந்து பார்த்தார். கை நின்றது. காது மடல் சிவந்தது. விடியற்காலையிலிருந்து அவள் ஒண்டியாக நின்று செய்த வேலை அது என்று அவருக்கும் தெரியும்.

"தப்புதாம்மா," என்றார்.

அவள் துணியை நீட்டினாள். முட்டிபோட்டுத் துடைத்தார்.

"தூக்குல இருக்கிறது கேக்கோட மேலடுக்குக்குப் போதும்," என்றார் பேக்கரிக்காரர். "கீழடுக்குக்கு ஜாமைத் தடவி ஒப்பேத்திக்கிறேன்."

பேக்கரிக்காரர் படியிறங்கிப் போனார். பிறகு தரையிலிருந்து ஒரு குரல்:

"கொழுப்பு பட்ட துணி தண்ணிய உறிஞ்சாது. ஏன்னு கேளேன்."

அவள் கேட்கவில்லை. அவர் சொன்னார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால், 'மையவிலக்கு விசை என்பது உண்மையில் ஒரு விசையே இல்லையே' என்று நடுவில் உங்களுக்கு நாக்கு துறுதுறுத்ததே, அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் எவ்வளவு நேரமாகிறது?