தண்ணீருக்கு யார் சொன்னது?

மாரிசெல்விக்கு அது பிடிபடவே இல்லை. தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலை சீக்கிரம் முடிந்த நாளில் ஊருக்குத் தண்ணீரும் சீக்கிரம் வந்தது. தீபாவளி சீசனில் இருட்டிய பிறகு முடிந்தால், இருட்டிய பிறகு வந்தது. எப்போது வந்தாலும், அவள் வீடு சேர்வதற்குள் குழாயில் காற்றுதான் மிஞ்சும்.

உடம்பெல்லாம் வெடிமருந்துத் தூள். குளிக்காமல் கைக்குழந்தையைத் தொட முடியாது. அது வாசலில் கை நீட்டி அழும். இவள் எட்ட நின்று அழுவாள்.

கம்பெனி வேன் முதலில் தண்ணீர்த் தொட்டியடியில் நிற்கும். தொட்டி ஆபரேட்டர் கருப்பணனின் மனைவி செல்லத்தாய் அங்கே இறங்குவாள். அங்கிருந்து பாதை பிரிகிறது: ஒரு பக்கம் மேட்டுப்பட்டி, மறுபக்கம் மாரிசெல்வியின் ஓடைப்பட்டி. டிரைவர் முனியராஜ் தினமும் மேட்டுப்பட்டிக்கே முதலில் போவார்.

கருப்பணனைக் கேட்டால், "நான் சரியான நேரத்துக்குத்தான் திறக்கேன் தாயி" என்பார்.

"ஏண்ணே, ஒருநா எங்க பக்கம் திருப்புனா ஸ்டியரிங் ஒடஞ்சிருமா?" என்று முனியராஜிடம் கேட்டாள் மாரிசெல்வி.

"வேன் எங்கையில இருக்கு. நான் வச்சதுதான் சட்டம்," என்றார் முனியராஜ்.

"இது மன்னராட்சி!" என்றார் அதே வேனில் வரும் கணக்கர் அன்பரசன். உள்ளாட்சித் தேர்தல் நடந்த 2006ஆம் வருஷம் அது. விளக்கிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. "இங்கிலாந்துலயும் இப்படித்தான் இருந்தது. அடுத்து வந்தது பெரிய மனுசங்க சபை."

அந்தச் சபையாக முன் சீட்டு மூத்த பெண்கள் நால்வர் கூடி முடிவெடுத்தார்கள். நால்வரும் மேட்டுப்பட்டி.

"அப்ப எல்லாருக்கும் ஓட்டு!" என்றார் அன்பரசன். " சுவிட்சர்லாந்துல பொம்பளைகளுக்கு எழுபத்தொண்ணுலதான் கெடச்சது. நம்ம நாட்டுல ஆணு, பொண்ணு எல்லாருக்கும் ஒண்ணாவே குடுத்துட்டாக."

சிவப்புக் காகிதம் மேட்டுப்பட்டி, பச்சைக் காகிதம் ஓடைப்பட்டி. ஒரு தூக்குச்சட்டிதான் ஓட்டுப்பெட்டி. செல்லத்தாயும் ஒரு காகிதத்துக்குக் கை நீட்டினாள்.

"ஒங்களுக்கு எதுக்கு மதினி? நீங்கதான் எப்படியும் மொதல்ல எறங்குறீகளே," என்றாள் ஒருத்தி.

"அதில்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஓட்டு இல்லாதவுக பேசக் கூடாது," என்றார் முனியராஜ்.

மேட்டுப்பட்டிக்குப் பதினொன்று, ஓடைப்பட்டிக்கு ஏழு.

"நாளைக்குப் போட்டாலும் இதேதான வரும்?" என்றாள் மாரிசெல்வி.

"அதுக்கும் வழியிருக்கு!" என்றார் அன்பரசன். " அமெரிக்காவுல பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ, மேல்சபையில ரெண்டு பேருதான். நாமளும் ஊருக்கு ஒரு ஓட்டுன்னு வச்சுக்கிடுவோம்."

மறுநாள் ஒன்றுக்கு ஒன்று. செல்லத்தாயை இறக்கிவிட்ட வேன் பாதை பிரியும் இடத்திலேயே நின்றுவிட்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கத்தி முடிக்கும்போது தொட்டி காலியாகியிருந்தது.

"ஏட்டி, ஒங்களுக்குத்தான் இல்ல. இப்ப எங்க வாயிலயும் மண்ணைப் போட்டுட்டீகளே!" என்று மேட்டுப்பட்டிக்காரி ஒருத்தி பாய்ந்தாள்.

மாரிசெல்வி தன் கைகளைப் பார்த்தாள். "ரொம்ப வெளங்கிரும்ண்ணே ஒங்க ஜனநாயகம். எம்பிள்ளையத் தூக்குறதுக்கு எந்த நாட்டுக்குப் போகணும்?"

அன்பரசன் விரல் மடக்கி நாடுகளை எண்ணத் தொடங்கினார்.

சத்தம் கேட்டுச் செல்லத்தாய் வீட்டிலிருந்து வந்தாள்.

"நேத்தே சொல்ல வந்தேன், விட்டீகளா? வேலைக்குப் போன பொம்பளைக வந்து சேரட்டும்னு, நான் வேனைவிட்டு எறங்குறதப் பாத்த பெறகுதான் எங்க வீட்டுக்காரரு தண்ணியத் திறந்து விடுதாரு. என்னையக் கடைசியா எறக்கி விடுங்க."