அரசியல் கலவாத சங்கம்

"இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்" என்று நல்லையா வாத்தியார் எழுந்து நின்றதும், மலாக்கா மனோதத்துவச் சங்கத்தார் அத்தனை பேரும் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தபால் மூலம் மனோதத்துவம் படித்துப் பட்டயம் வாங்கிய சில வாத்தியார்கள், கணக்கெழுதும் கிராணிமார்கள், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர்கள், சனிக்கிழமை சாயங்காலங்களில் காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் கூடுவார்கள். கனவு, பயம், மறதி என்று பேசுவார்கள். யாருக்காவது மனசு சரியில்லை என்று தெரிந்தால் கூடி வைத்தியம் யோசிப்பார்கள். காசு வாங்குவதில்லை, குணமாகாவிட்டால் யாரும் வந்து சண்டை போடுவதும் இல்லை.

வெள்ளைக்காரனிடம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கேட்டு நாடே பேசிக்கொண்டிருந்த காலம். அன்று தலைவர் கருணாகரன் வாசித்த தீர்மானம் இது: 'மெர்டேக்கா இன்றே வேண்டும் என்பவனே ஆரோக்கியமான மனம் உடையவன். கொஞ்சம் பொறுக்கலாம் என்பவனுக்குப் பயக் கோளாறு.'

"ஏன் வாத்தியாரே, உங்களுக்கு மெர்டேக்கா வேணாமா?" என்றார் கருணாகரன்.

"வேணும். அதுக்காக, பொறுக்கலாம்னு சொல்றவனை நோயாளின்னு சொல்ல நமக்கு யாரு அதிகாரம் குடுத்தது? இது மனோதத்துவமா, மேடைப் பேச்சா?"

"உங்க குரல் நடுங்குதே. பயமோ?"

கேட்க வேண்டுமா? நல்லையா அரை மணி நேரம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். போன வருஷம் மனைவி கமலவேணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, சங்கத்துக்கு வந்து மூலையில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவதுதான் அவர் வழக்கமாக இருந்தது. இப்படிப் பேசுவார் என்று யாருக்குத் தெரியும்? ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

அடுத்த வாரம் சுவரில் ஒரு கட்சிக் கொடி தொங்கியது. அதற்கும் பேசித் தீர்த்தார். அதற்கடுத்த வாரம், கனவில் யானை வந்தால் அந்த மனிதன் எந்தக் கட்சி என்று ஒரு சொற்பொழிவு. நல்லையா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சொல்லிவிட்டார் சரி. சனிக்கிழமை வருமே, அதை என்ன செய்வது? ரேடியோவைத் திருகினார், அதிலும் மெர்டேக்கா. அணைத்தார். வீடு கிணற்றுக்குள் இறங்கினாற்போல் இருந்தது. கமலவேணி இருந்தவரை அந்த வீட்டில் அவருக்குப் பேச இடம் கிடைத்ததில்லை. இப்போது இடம் முழுவதும் அவருடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

புக்கிட் ரம்பாயில் மருதமுத்து என்பவர் வேறொரு மனோதத்துவச் சங்கம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினார். அங்கே அன்றைய பேச்சின் தலைப்பு: 'மெர்டேக்காக்காரர்களின் அவசர நோய்.'

"அவசரப்படுறவனெல்லாம் சின்ன வயசில தாய்ப்பால் போதாம வளர்ந்தவன்" என்றார் மருதமுத்து.

"எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று நல்லையா எழுந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"காஜா பெராங் ஆளா? கருணாகரன் அனுப்பினாரா?"

அங்கே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவர் இங்கே அவசரக்காரனாகி, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

இனி ஒரே வழிதான். தாமே ஒன்று தொடங்குவது. 'அரசியல் கலவாத மனோதத்துவச் சங்கம்' என்று அட்டையில் எழுதி சிஹாபுதீனின் தேத்தண்ணிக் கடையில் மாட்டினார். சேர வந்தவர்களை வீட்டில் உட்கார வைத்துச் சோதித்தார்.

முதலில் வந்த கிராணியிடம் மெர்டேக்கா பற்றிக் கேட்டார்.

"நல்லதுதானே சார்."

"போயிட்டு வாங்க."

அடுத்தவர் உஷாராக, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"தெரியாத மாதிரி நடிக்கிறதுதான் பெரிய அரசியல். போயிட்டு வாங்க."

மூன்றாமவருக்கு, காகிதத்தில் மையைக் கொட்டி மடித்து விரித்த கறையைக் காட்டினார்.

"வௌவால் மாதிரி இருக்கு."

"எந்தப் பக்கமாத் தொங்குது?"

"இடது பக்கமாத் தெரியுது."

"போயிட்டு வாங்க."

தொடக்க விழாவுக்கு நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து, கூடம் நிறையப் போட்டார். சிஹாபுதீன் பெரிய பாத்திரம் நிறையத் தேத்தண்ணியோடு வந்து சேர்ந்தார். வேறு யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வர விரும்பிய எல்லோரையும்தான் இவர் வடிகட்டித் தெருவில் விட்டாயிற்றே.

வெயில் இறங்கியது. தேத்தண்ணி ஆறியது.

"உக்காருங்க பாய். நீங்க எந்தக் கட்சி?"

"நான் தேத்தண்ணிக் கடை வாத்தியாரே." சிஹாபுதீன் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

நல்லையா சட்டைப் பையிலிருந்து தலைமையுரையை எடுத்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். காகிதத்தைத் திரும்பவும் மடித்தார்.

"உண்மையைச் சொல்லவா பாய்? எனக்குச் சங்கமும் வேணாம், தத்துவமும் வேணாம். சனிக்கிழமை ஆனா யாரோடயாவது உக்காந்து பேசணும். அவ்வளவுதான்."

"அப்ப பழைய எடத்துக்கே போங்களேன்."

"அந்தக் கட்சி ஆபீசுக்கா?"

"கட்சியா? நீங்க எறங்கின அன்னைக்கே கொடியக் கழட்டிட்டாங்க. தீர்மானத்தையும் கிழிச்சுட்டாங்க. நான்தான் வாரா வாரம் அங்க தேத்தண்ணி கொண்டு போறேனே. இப்பல்லாம் யாரும் அதிகமாப் பேசறதுகூட இல்ல."

நல்லையாவின் முகம் சிவந்தது. "அப்ப, என்னை வெளியே தள்ளத்தான் அத்தனையும் செஞ்சிருக்காங்க."

சிஹாபுதீன் ஆறிப்போன கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தள்ளவா? கமலவேணி அக்கா போனதுலேர்ந்து வாயே தொறக்காத மனுசரப் பேச வைக்க, கோவப்படுத்துறதத் தவிர அவங்க படிச்ச படிப்புல வேற வைத்தியம் கெடைக்கலையாம், வாத்தியாரே."