சடை போட்ட பாய்மரக் கயிறு

உயிருக்குப் பயந்து சொல்கிற பொய்யில் ஒரு பெரிய தொல்லை உண்டு. மறுநாள் காலையில் அதைச் செய்துகாட்டச் சொல்லிவிடுவார்கள்.

ஜப்பான்காரன் காலம். காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கு வெளியே இளவட்டங்களை நிற்கவைத்து, ஆளைத் தின்னும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பொறுக்கினார்கள். ஓர் அதிகாரி, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர். (ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்றபோது இவருக்கு மட்டும் சோறு கிடைத்தது, கன்னத்தைப் பார்த்தாலே தெரியும்.) நான் சண்டைக்கு முன்னால் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்தவன். வேறு எந்த வேலைக்கும் கை வணங்காது. வாய்தான் நீளம்.

"உனக்கு என்ன வேலை தெரியும்?"

எண்ணெய்ப் பஞ்சத்தில் மோட்டார் படகுகள் படுத்துவிட்டன, ஆற்று முகத்தில் பாய்மரப் படகுகளைச் செப்பனிடுகிறார்கள், அங்கே இருப்பவனைச் சயாமுக்குப் பிடிப்பதில்லை என்று காதில் விழுந்திருந்தது.

"பாய்மரக் கயிறு பின்னுவேங்க ஐயா. பரம்பரைத் தொழில்" என்றேன். (அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் பரம்பரை கடலில் போனது ஒரே ஒரு முறை, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது. அப்போதும் வாந்திதான்.)

உள்ளே வந்ததும் தங்கை கமலம் பிடித்துக்கொண்டாள். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை வாரிவிடுவது நான்தான்.

"ஏண்ணே, நீ பின்னுறது என் சடை ஒண்ணுதானே? அதுவும் பாசார் போறதுக்குள்ள அவுந்து தொங்குது."

"சும்மா இரு. சடைக்கும் மூணு கால், கயித்துக்கும் மூணு புரி. எல்லாம் ஒண்ணுதான்."

மறுநாள் படகுத்துறையில் பாயை மேலே ஏற்றும் தடித்த கயிற்றைக் கையில் கொடுத்து, நுனியை வளைத்துக் கண்ணி போடச் சொன்னார்கள். கூடவே, வழவழவென்று கூராகச் சீவிய ஒரு மரக்கட்டையும் வந்தது. முறைப்படி அந்தக் கூரால் கயிற்றின் உடம்பைத் திறந்து, நுனியில் பிரித்த புரிகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்து இறுக்கவேண்டும். இழுக்க இழுக்க அது கவ்விக்கொள்ளும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று அந்தக் கூரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வகிடு எடுக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

எடுத்தேன். கயிறு முரடாக இருந்ததால் செம்பனை எண்ணெய் தடவி நன்றாக ஊறவைத்தேன். கண்ணியை வளைத்து, புரிகளைக் கயிற்றின் மேலேயே சுற்றி, ஒரு முடி பிசகாமல் சடை பின்னினேன். நுனியில் சணலால் குஞ்சம் கட்டினேன். குஞ்சம் யாரும் கேட்கவில்லை; என் சொந்தத் திறமை.

அதிகாரி குஞ்சத்தைத் தட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். துறையிலிருந்த மற்றவர்கள் கயிற்றைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதிகாரி சிரிக்கும்போது குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வெள்ளோட்டத்துக்கு என்னையும் மரியாதையாகப் படகில் ஏற்றினார்கள். பாய் மேலே போனது. முகத்துவாரம் தாண்டியதும் காற்று ஒரு பிடி பிடித்தது. எண்ணெய் போட்ட சடை சும்மா இருக்குமா? குஞ்சம் என் மூக்கைத் தட்டிவிட்டுப் பறந்தது. பாய் மொத்தமும் அதிகாரி மேலும் மொழிபெயர்ப்பாளர் மேலும் இறங்கியது.

அடியிலிருந்து "பகேரோ!" என்று ஒரு கர்ஜனை.

அதே அடியிலிருந்து இன்னொரு குரல்: "உன்னை மடையன்னு சொல்றாருடா!" (அந்த நிலையிலும் கடமை தவறவில்லை, புண்ணியவான்.)

வெளியே வந்ததும் அதிகாரி என் இரண்டு கன்னங்களையும் பாரபட்சமில்லாமல் கவனித்தார். அறை வலிக்கவில்லை. சயாம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கமலம் தனியாக இருப்பாளே என்று அழுதுவிட்டேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் பாய்க்கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "உன்னைச் சயாமுக்கு அனுப்பவே கூடாதாம். நீ பாலம் கட்டினா அவங்க ரயில்தான் கவிழுமாம். பத்து பெரெண்டாம் ஊருக்குப் போயி கிழங்கு நடு, போ."

எங்கள் வரிசையில் ஒரு தச்சர் இருந்தார். தெரிந்த தொழிலை உள்ளபடி சொன்னார். அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு அந்த ஆட்சி செய்த மரியாதை அது.

ஜப்பான்காரன் போனபிறகு எனக்குக் கல்யாணம். கதை பெண்வீட்டுக்கும் போயிருந்தது. நான் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மாமனார் எட்டி இழுத்துப் பார்த்தார். வழக்கப்படி மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனாருடையது. கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் போட்டாள்.

இப்போதும் வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்தால், என் மனைவி பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வாள்:

"உங்க தாத்தா போட்ட முடிச்சு அன்னைக்கே அவுந்துபோச்சு. கமலம் போட்ட ரெண்டுலதான் நான் இன்னும் நிக்கிறேன்."